12 லட்சம் ரூபாய்: டயாலிசிஸ் போகும் 30 பேருக்கா, கிட்னி மாற்றும் 4 பேருக்கா? கணக்கு எப்படிப் போடுவது?

ஆற்காடு_பாலம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆற்காடு, திமிரி, கலவை, வாலாஜா பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளைக்காகக் கேட்கிறேன். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் செலவிடலாம். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஒரு தரப்பு: டயாலிசிஸுக்கு வேலூர் போய்வர பஸ், ஆட்டோ, சாப்பாட்டுச் செலவைக் கொடுப்போம். ஒரு நடைக்கு 250 ரூபாய், வாரம் 3 நடை, ஆண்டுக்கு 156 நடை. ஒருவருக்கு 39,000. 30 பேருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு தரப்பு: டயாலிசிஸ் என்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. காப்பீடு போக மிச்சம் விழும் தொகையை ஒருவருக்கு 3 லட்சம் வீதம் கொடுத்து 4 பேருக்குக் கிட்னி மாற்று நடக்க வைப்போம்.

30 பெரிதா, 4 பெரிதா என்று வாதம் அங்கேயே நிற்கிறது. செலவு-பலன் கணக்கு என்று ஒன்று இருக்கிறது என்று தெரியும், ஆனால் எந்த எண்ணை எதோடு வகுப்பது என்று தெரியவில்லை. கமிட்டியில் எட்டாம் வகுப்பு படித்தவரும் உண்டு. அவருக்கும் புரியும்படி படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலாறு_கணக்கு

நல்ல கேள்வி. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. "டயாலிசிஸ் நல்லதா, மாற்று நல்லதா" என்பது ஒன்று. "நம் 12 லட்சம் எதை மாற்றும்" என்பது இன்னொன்று. முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது வரும்.

கீழே வரும் ரூபாய், உயிர்பிழைப்பு எண்கள் எல்லாம் கணக்கு காட்டுவதற்கான மாதிரி. உங்கள் நோயாளிகளின் ரசீதை வைத்து ஒவ்வொன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பலனை அளக்கும் படி. மருத்துவப் பொருளாதாரத்தில் இதைக் குவாலி என்பார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு 1 குவாலி. இறப்பு 0. நோயோடு வாழும் ஆண்டு இரண்டுக்கும் நடுவில். அந்த நடு எண்ணை மருத்துவர் தம் மனசுக்குத் தோன்றியபடி போடுவதில்லை. ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாளில் ஐந்தே விஷயம் கேட்பார்கள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. பதிலை எண்ணாக மாற்றும் அட்டவணை இந்திய மக்களிடமே கேட்டுத் தயாரித்தது இருக்கிறது. இங்கே டயாலிசிஸில் ஓர் ஆண்டு 0.55 என்றும், மாற்றுக்குப் பின் ஓர் ஆண்டு 0.80 என்றும் வைக்கிறேன்.

அடுத்து டயாலிசிஸின் ஓராண்டுச் செலவு. யார் கொடுத்தாலும் செலவு செலவுதான், அதனால் காப்பீடு கட்டுவதையும் சேர்க்கிறேன்.

சிகிச்சை 156 × 1,200 = 1,87,200
போக்குவரத்து, சாப்பாடு 156 × 250 = 39,000
கூட வருபவரின் ஒருநாள் கூலி 156 × 500 = 78,000
ஊசி, மாத்திரை, பரிசோதனை மாதம் 4,000 = 48,000
மொத்தம் 3,52,200

மாற்று: முதல் ஆண்டு எல்லாம் சேர்த்து 9 லட்சம் (அறுவை, இருவருக்கும் பரிசோதனை, ஆஸ்பத்திரி வாசம் 6 லட்சம்; மருந்து 1,80,000; போக்குவரத்து, பரிசோதனை 60,000; கிட்னி கொடுத்தவரும் துணைக்கு இருந்தவரும் இழந்த கூலி 60,000). இரண்டாம் ஆண்டு முதல் மருந்து மாதம் 10,000, பரிசோதனையும் பயணமும் ஆண்டுக்கு 30,000. ஆக ஆண்டுக்கு 1,50,000.

இனி ஐந்து ஆண்டுக்கு நீட்டுவோம். அடுத்த ஆண்டு கொடுக்கும் 100 ரூபாய் இன்றைய 100 ரூபாய்க்குச் சமமில்லை. அதனால் ஆண்டுக்கு 3 சதவீதம் கழிக்க வேண்டும். இந்தியாவில் இப்படிப்பட்ட மதிப்பீடுகளுக்காக 2017-ல் மத்திய அரசின் சுகாதார ஆய்வுத் துறையில் ஓர் அமைப்பு வந்தது. அங்கும் 3 சதவீதம்தான், செலவு பலன் இரண்டுக்கும். பெருக்க வேண்டிய எண்கள்: 1, 0.9709, 0.9426, 0.9151, 0.8885.

யாரும் சாகவில்லை என்று வைத்தால் டயாலிசிஸ் 16.61 லட்சம், மாற்று 14.58 லட்சம். மாற்றுதான் 2 லட்சம் மலிவு. நிறையப் பேர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். அது தப்பு.

உயிரோடு இருப்பவர்களின் பங்கைச் சேர்த்துப் பாருங்கள். டயாலிசிஸில் ஆண்டுவாரியாக 0.90, 0.78, 0.67, 0.58, 0.50. மாற்றில் 0.96, 0.93, 0.91, 0.88, 0.86. மாற்றின் முதல் ஆண்டு 9 லட்சத்தை மட்டும் குறைக்காமல் முழுதாக வைக்கிறேன். இப்போது டயாலிசிஸ் 11.50 லட்சம், 1.80 குவாலி. மாற்று 14.00 லட்சம், 3.43 குவாலி. மலிவாக இருந்த மாற்று இப்போது 2.50 லட்சம் அதிகமாகிவிட்டது.

ஏன்? இறந்தவருக்குச் செலவே இல்லை. டயாலிசிஸில் அதிகம் பேர் இறப்பதால் அந்தப் பக்கம் "மிச்சம்" மாதிரித் தெரிகிறது. செலவை மட்டும் பார்த்தால் ஆள் சீக்கிரம் சாகும் சிகிச்சைதான் எப்போதும் ஜெயிக்கும். அதனால்தான் செலவைப் பலனோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அதிகச் செலவு 2,50,000. அதிகப் பலன் 1.64 குவாலி. வகுத்தால் ஒரு கூடுதல் குவாலிக்குச் சுமார் 1.53 லட்சம். இந்தியாவில் தலைக்கு உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்கு 2 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு குவாலியின் விலை அதற்குக் கீழே இருந்தால் கொடுக்கத் தகுந்தது என்பது இங்கே வழக்கத்தில் உள்ள அளவுகோல். மாற்று அதற்குள் வருகிறது.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கும். டயாலிசிஸின் மொத்தச் செலவை அதன் குவாலியால் வகுத்தால் 6.4 லட்சம், மாற்றுக்கு அப்படியே வகுத்தால் 4.1 லட்சம். இந்தச் சராசரிகளை ஒப்பிட்டு முடிவு எடுக்கக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கூடுதலாக என்ன கொடுக்கிறோம், கூடுதலாக என்ன கிடைக்கிறது, அந்த இரண்டையும்தான் வகுக்க வேண்டும்.

இனி உங்கள் 12 லட்சம். 4 பேருக்கு மாற்று உண்மையிலேயே உங்கள் பணத்தால்தான் நடக்கிறது என்றால் 4 × 1.64, அதாவது ஐந்து ஆண்டில் சுமார் 6.5 குவாலி. பயணச் செலவு கொடுத்து அதே 6.5 குவாலி வர வேண்டுமென்றால்? ஒருவர் டயாலிசிஸ் இல்லாமல் இறப்பதற்குப் பதில் ஓராண்டு வாழ்ந்தால் கிடைப்பது 0.55. 6.5-ஐ 0.55-ஆல் வகுத்தால் 12. உங்கள் 30 பேரில் 12 பேர் பஸ் காசு இல்லாமல் டயாலிசிஸையே விட்டுவிடும் நிலையில் இருந்தால் இரண்டும் சமம். அதற்குக் குறைந்தால் மாற்று முந்தும். அதிகமானால் பஸ் காசு முந்தும்.

ஆகவே கமிட்டி விவாதிக்க வேண்டியது 30-ஐயும் 4-ஐயும் அல்ல. அந்த 12 பேர் இருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

நான்கு_மணிநேரம்

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் டயாலிசிஸை ஒரே சரக்காக வைத்துவிட்டார். நல்ல டயாலிசிஸுக்கும் கெட்ட டயாலிசிஸுக்கும் உயிர்பிழைப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. அதைச் சரிசெய்ய ஆகும் காசு மிகக் குறைவு. 12 லட்சத்தில் ஒரு பங்கு இங்கே போனால் நல்லது.

ஒன்று, கை. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்வது அவசரத்துக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் அதையே வைத்திருந்தால் குழாய் வழியே கிருமி ரத்தத்தில் ஏறும், மெஷின் ஓடும்போதே குளிர் நடுக்கம் வரும், உடனே அட்மிஷன். அந்த ஒரு அட்மிஷன் பல மாத பஸ் காசைத் தின்றுவிடும். ஃபிஸ்டுலா என்பது மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ரத்தக்குழாய்கள் இரண்டை இணைக்கும் சின்ன அறுவை. ஆனால் போட்ட மறுநாளே ஊசி குத்த முடியாது, நரம்பு தடித்து வர 6 முதல் 8 வாரம் ஆகும். எனவே ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுகிறது, இன்னும் சில மாதத்தில் டயாலிசிஸ் என்று மருத்துவர் சொன்ன உடனேயே போட வேண்டும். வலக்கைக்காரருக்கு இடக்கையை விட்டுவைக்க வேண்டும்: அதில் குளுக்கோஸ் ஏற்றுவது, ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது எதுவும் கூடாது. ஊருக்குள் காய்ச்சலுக்கு ஊசி போடுபவர்களிடம் நோயாளியே "இந்தக் கையில வேணாம்" என்று சொல்லப் பழக்க வேண்டும். ஃபிஸ்டுலா போட்ட பின் தினமும் காலையில் அதன் மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூனை கத்தாமல் உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே வர வேண்டும், அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருந்தால் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு, தண்ணீர். ஒரு டயாலிசிஸ் 4 மணி நேரம். நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடினால் 240 நிமிடத்தில் 120 லிட்டர், அதுவும் நோயாளியின் ரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில். நம் பக்கம் நிலத்தடி நீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, ஆர்.ஓ. சரியாகப் பராமரிக்காத இடத்தில் அந்த உப்பும் கிருமி நஞ்சும் நேராக மனிதருக்குப் போகும். எந்த சென்டருக்கு ஆளை அனுப்புகிறீர்களோ அங்கே தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

மூன்று, வாரம் இரண்டு போதும் என்று விடுவது. ஆண்டுக்கு 156-க்குப் பதில் 104 நடைதான், 52 நடை மிச்சம். ஆனால் இடைவெளி நீளும்போது உடம்பில் தேங்கும் தண்ணீர் கூடும். 1 லிட்டர் தேங்கினால் எடை 1 கிலோ ஏறும், வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம். 4 கிலோ ஏறி வருபவருக்கு 4 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் இழுத்தால் பிரஷர் இறங்கிக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பாதியில் நிறுத்தச் சொல்வார். இழுக்காமல் விட்டால் ராத்திரி மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவு. அதனால் பஸ் காசு கொடுப்பதாக இருந்தால், மூன்றாவது நடையை விடுபவருக்கு முதலில் கொடுங்கள். தவறாமல் மூன்று நடையும் வருபவருக்கு அந்தக் காசு கடன் சுமையைக் குறைக்கும், அதுவும் வேண்டியதுதான், ஆனால் உயிர் காக்கும் பலன் முதல் ஆளிடம்தான்.

இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்து ஊசியும் ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் வாங்கக் காசில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றினால் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகும், பிறகு மாற்றுக்கு நல்ல பொருத்தம் கிடைப்பது கஷ்டம். ஊசியின் விலை இன்றைய கணக்கிலேயே தெரியும், ரத்தம் ஏற்றியதன் விலை மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் மறக்கக் கூடாது: சாதாரண ஆளைவிட இரு மடங்கு அளவு, 0, 1, 2, 6 மாதம் என நான்கு தவணை.

வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸும் உண்டு, 2 லிட்டர் பை, நாளுக்கு மூன்று நான்கு முறை. வேலூர் தூரமாக உள்ள மலையடிவாரக் கிராமத்துக்கு இதைக் கணக்கில் சேர்க்கலாம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கு வருகின்றன. சுத்தமான ஓர் அறை, கை கழுவும் ஒழுக்கம் இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். வெளியே வரும் திரவம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கி வந்தால் வயிற்றில் தொற்று, அன்றைக்கே மருத்துவமனை.

ஆற்காடு_பாலம்

இருவருக்கும் நன்றி. கணக்கை நேற்று ராத்திரி கமிட்டியில் பலகையில் எழுதிப் போட்டோம், "இறந்தவருக்குச் செலவில்லை" என்ற இடத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டு சந்தேகம். மாற்றிய கிட்னி சிலருக்கு நிற்பதில்லையே, அது கணக்கில் இல்லை. அடுத்து, கூட வரும் வீட்டம்மாவுக்கு 500 ரூபாய் கூலி போட்டது சரியா? அவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார்.

மருந்துச்சீட்டு

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் மாத்திரையில் போய் முடியும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து உயிரோடு இருப்பவர்களில் சராசரி 8 சதவீதம் பேர் கிட்னி பழுதாகி மீண்டும் டயாலிசிஸில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு ஆண்டுச் செலவு 1,50,000-க்குப் பதில் 3,52,200, ஆண்டின் மதிப்பு 0.80-க்குப் பதில் 0.55. மேலே உள்ள எண்களில் சேர்த்தால் மாற்றுப் பக்கம் 54,000 ரூபாய் கூடும், 0.07 குவாலி குறையும். ஒரு குவாலிக்கு 1.53 லட்சமாக இருந்தது 1.93 லட்சமாகும். இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில் வந்துவிட்டது.

இப்போது மறுபக்கம் பாருங்கள். மருந்து மாதம் 10,000-லிருந்து 6,000-க்கு இறங்கினால் அதே 1.93 லட்சம் ஏறக்குறைய 1 லட்சத்துக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கில் அறுவைக் கட்டணத்தில் பேரம் பேசுவதைவிட மாதாமாதம் விழுங்கும் மாத்திரையின் விலைக்குத்தான் வலு. அறுவை ஒரு தடவை, மாத்திரை ஆயுள் முழுக்க.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அறுவைக்கு ஊரே சேர்ந்து காசு போடும், முதல்வர் காப்பீடு இருக்கிறது (ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை), உறவுக்காரர் நகையை வைத்துத் தருவார். ஓராண்டு கழித்து ஆள் நன்றாக நடமாடுகிறார், முகத்தில் தெளிவு வந்துவிட்டது, அப்போது யாரும் காசு கொடுப்பதில்லை. புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் மூன்றில் விலை அதிகமானதை "இந்த வாரம் பாதியாக" என்று குறைக்கத் தொடங்குவார். வலி ஒன்றும் தெரியாது. கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.8 ஆகும், பிறகு 2.6. தெரியும்போது பாதி கிட்னி போயிருக்கும்.

அறக்கட்டளை கவனிக்க வேண்டிய சில விஷயம்:

மாத்திரை நேரம் 12 மணி நேர இடைவெளி. காலை 8 என்றால் இரவு 8. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், மருத்துவர் டோஸைக் குறைப்பார், கிட்னியை உடம்பு நிராகரிக்கும். பரிசோதனைக் காசும் வீண்.

மலிவான கம்பெனிக்கு மாறலாம், தப்பில்லை. ஆனால் மருத்துவருக்குத் தெரியாமல் மாறக் கூடாது, மாறிய பின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் கடையில் இருப்பது ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. அதனால் நீங்கள் மருந்து வாங்கிக் கொடுத்தால் ஒரே கம்பெனி மாத்திரையை 3 மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக் கொடுங்கள்.

காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சில பூஞ்சை மாத்திரைகளும் எரித்ரோமைசின் வகையும் ஏற்றிவிடும். தோல் அரிப்பு, இருமல் என்று பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கும் பழக்கம் இங்கே ஆபத்து. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கூடவே கூடாது.

பணம் பிரிக்கும்போது இந்த மூன்றாவது வழியைப் பலகையில் எழுதுங்கள்: ஏற்கனவே மாற்று முடிந்தவர்களுக்கு மாதம் 6,000 மாத்திரை. ஆண்டுக்கு 72,000. 12 லட்சத்தில் 16 பேர். புதிதாகக் கிட்னி கொடுக்க ஆள் தேட வேண்டாம், அறுவையும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் அவர் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்க வழியுண்டா என்று கேட்டுவிடுங்கள். அங்கே கிடைத்தால் உங்கள் காசு போக்குவரத்துக்கும் அளவுப் பரிசோதனைக்கும் போதும், ஆட்கள் இன்னும் கூடுவார்கள்.

குடியாத்தம்_தறி

இரண்டாவது சந்தேகத்துக்கு. "வீட்டில்தானே இருக்கிறார்" என்பவர் பீடிக் கட்டு எடுத்துப் போகும் நாளில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் சுற்று முழுக்கப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே இலை வெட்டிச் சுருட்டுகிறார்கள், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. டயாலிசிஸ் நாளில் காலை 6-க்குக் கிளம்பி மதியம் 2-க்குத் திரும்பினால் அன்றைக்கு ஆயிரம் முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை என்றால் வாரம் மூன்று நாள் லீவு போட்டு வேலையில் நிற்க முடியாது, வேலையே போய்விடும். கூலி வேலை எதுவும் இல்லாத அம்மாவுக்கும் அந்த நேரத்தில் செய்யும் சமையல், பிள்ளை, மாடு எல்லாம் வேறு யாரோ செய்கிறார்கள். அதற்கு உள்ளூர்ப் பெண்கள் கூலியைப் போடுவது ஏற்கப்பட்ட வழக்கம். சந்தேகமிருந்தால் கூலி 0 என்று ஒரு தடவை, 500 என்று ஒரு தடவை போட்டு முடிவு மாறுகிறதா பாருங்கள்.

நகரப் பேருந்தில் பெண்ணுக்குக் கட்டணமில்லை, அதையும் கழியுங்கள். ஆனால் டயாலிசிஸ் முடிந்த மனிதர் நின்றுகொண்டு பஸ்ஸில் வர முடியாது, திரும்புகாலுக்கு ஷேர் ஆட்டோ ஆகும்.

கடன் விஷயத்தில் கவனம். சிகிச்சைக்கு 1 லட்சம் செலவு, அதற்காக வாங்கிய கடன் 1 லட்சம் என்று இரண்டையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு தடவை வரும். அசலைச் செலவாகவும் வட்டியைத் தனியாகவும் எழுதுங்கள்.

எனக்கு ஒரு விஷயம் நெருடுகிறது. 0.55 என்பது டயாலிசிஸ் நோயாளியின் ஆண்டை முக்கால்வாசிக்கும் குறைவாக மதிக்கிறது. 60 வயது ஆளையும் 25 வயது ஆளையும் எதிரெதிரே நிறுத்தினால் இந்தக் கணக்கு எப்போதும் சின்னவரைத்தான் காட்டும், முன்பே கால் ஊனமுள்ளவரைப் பின்னுக்குத் தள்ளும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு இதைப் பயன்படுத்துங்கள். வாசலில் வந்து நிற்கும் இரண்டு பேரில் யாருக்கு என்று முடிவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு முறை வேறு: வீட்டுச் செலவில் சாப்பாடு போக மிஞ்சுவதில் 40 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். அதைத்தான் குடும்பத்தைச் சாய்க்கும் செலவு என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு முன்னுரிமை.

பாலாறு_கணக்கு

குடியாத்தம் அண்ணன் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். கிட்னி மாற்றில் பலன் அளக்கும்போது கொடுத்தவரை மறந்துவிடுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1994 சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். மற்றவர் கொடுத்தால் அங்கீகாரக் குழு பார்க்க வேண்டும். கொடுப்பவர் பல வாரம் பாரம் தூக்கக் கூடாது. அது விவசாயக் கூலிக்கும் தோல் பதனிடும் தொழிலாளிக்கும் முழு வருமான இழப்பு. ஆயுளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். உங்கள் 3 லட்சத்தில் இந்த இரண்டுக்கும் தனியாக ஒதுக்காமல் பில்லை மட்டும் கட்டாதீர்கள். 1971-லேயே வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மாற்று நடந்த ஊர் இது, அறுவை செய்யும் கைக்கு இங்கே குறைவில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில்தான் பணம் இல்லாமல் ஆட்கள் விழுகிறார்கள்.

மருந்துச்சீட்டு எழுதிய மூன்றாவது வழியை நானும் போட்டுப் பார்த்தேன். மாத்திரை நின்று கிட்னி போனால் ஆண்டுக்கு 0.25 குவாலி இழப்பு, 2,02,200 ரூபாய் கூடுதல் செலவு, அதோடு டயாலிசிஸில் இறப்பு வாய்ப்பும் ஏறும். 16 பேரில் 6 பேர் உண்மையிலேயே மாத்திரையைக் குறைக்கும் நிலையில் இருந்து அதனால் கிட்னியை இழக்கக்கூடியவர்கள் என்றால், மருந்துக்காகப் போட்ட 12 லட்சத்துக்கு எதிரே டயாலிசிஸ் செலவில் மட்டும் ஆண்டுக்கு 12 லட்சத்துக்குச் சற்று மேல் மிச்சம். குவாலி லாபம் அதற்கு மேல். ஆறு பேருக்குக் குறைந்தால் இந்த வழியின் வலு குறையும்.

ஆக மூன்று வழிக்கும் ஒரே கேள்விதான்: பணம் இல்லாவிட்டால் எத்தனை பேர் விட்டுவிடுவார்கள்? பஸ் காசில் 12, மாத்திரையில் 6. இதை ஊகிக்க வேண்டாம், ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். நெடுக்கே கட்டம்: தேதி, வந்தாரா இல்லையா, வராததற்குக் காரணம், போகச் செலவு, வரச் செலவு, சாப்பாடு, கூட வந்தவர் யார், அவர் அன்று இழந்த கூலி, அன்று வாங்கிய மருந்து, ஏறிய எடை. பஸ் டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். "போன மாசம் எவ்வளவு ஆச்சு" என்று மொத்தமாகக் கேட்டால் பெரிய பில் மட்டும் ஞாபகம் வரும், இளநீரும் ஆட்டோவும் விட்டுப்போகும். கேட்பதற்கு நல்ல நேரம் மெஷின் ஓடத் தொடங்கிய இரண்டாவது மணி. கடைசி மணியில் அவர்கள் களைத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றுதான் பதில் வரும். மாற்று முடிந்தவரிடம் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா" என்று கேட்காதீர்கள், ஒழுங்காகப் போடுகிறேன் என்பார். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுங்கள். 30 நாளுக்கு வாங்கியது 45-ஆம் நாளும் கையில் இருந்தால் அந்த 6 பேரில் ஒருவர் அவர்.

"வராததற்குக் காரணம்" கட்டத்தை மட்டும் யாரும் அவர் சார்பாக நிரப்பக் கூடாது. "பஸ் காசு இல்லை", "அம்மாவுக்குக் காய்ச்சல்", "ஆடி வெள்ளி", "போன தடவை ரொம்ப வலிச்சது" என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பஸ் காசு என்று வருபவர்களை மட்டும் 12-ல் எண்ணுங்கள். வலி என்று வருபவர்களின் பட்டியலை அந்த சென்டர் நர்ஸிடம் கொடுங்கள், அது 39,000 இல்லாமலேயே தீரக்கூடியது.